கட்டைவிரலில் சுழி, கடைவாயில் சொத்தையாம்!

பத்திரக்காரர் (சிம்மக்கல்) – காலை 6.48
வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று பேத்தி படிக்கும் பள்ளியில் பல் மருத்துவ முகாம். நல்ல காரியம்தானே என்று அனுப்பிவைத்தோம். சாயங்காலம் கையில் வழவழப்பான ஒரு அட்டையோடு வந்து நிற்கிறது பிள்ளை. வாயைத் திறந்து பார்த்தார்களா என்று கேட்டால் "கொஞ்சம்" என்கிறது. ஆனால் பத்து விரலையும் ஒரு மிஷினில் வைத்து ரேகை எடுத்திருக்கிறார்கள். அட்டையில் இருப்பது இது: "ஆறு விரல்களில் சுழி அமைப்பு. பல் சொத்தை, ஈறு நோய் வரும் வாய்ப்பு அதிகம்." அதற்குக் கீழே, முன்தடுப்புத் திட்டம் 2,400 ரூபாய். பிள்ளை ராத்திரி முழுக்க விரலை விரலைப் பார்த்துக்கொண்டு "தாத்தா, என் பல்லெல்லாம் விழுந்துடுமா" என்று கேட்கிறது. (எட்டு வயதில் பல் விழத்தான் செய்யும், அது வேறு கதை.)

நான் 31 வருடம் பத்திரம் எழுதியவன். மை டப்பாவும் பழந்துணியுமாக உட்கார்ந்து எத்தனை ஆயிரம் பெருவிரலை உருட்டியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ரேகையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எனக்குப் பத்து விரலிலும் சுழி. பத்திலும். வயது 64. வாயில் 32 பல்லும் சொந்தப் பல். இன்றைக்கும் கை முறுக்கைக் கடித்துத்தான் தின்கிறேன், ஊறவைத்து இல்லை. இதற்கு அந்த அட்டைக்காரர்கள் என்ன பதில் சொல்கிறார்கள்?

மேலூர் மாப்ளை – காலை 7.05
பத்து விரலிலும் சக்கரம் இருந்தால் நாடாளும் யோகம் என்று எங்கள் ஊர் ரேகைக்காரர் சொல்வார். நீங்கள் ஏண்ணே அடுத்தவர் நிலத்துக்குப் பத்திரம் எழுதிக்கொண்டு இருந்தீர்கள்?

கடைவாய்ப்பல் – காலை 7.31
நான் பல் மருத்துவம் முடித்துப் பயிற்சியில் இருக்கிறேன். அந்த முகாமில் பணம் கேட்டதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் "ரேகைக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்" என்று இங்கே எல்லோரும் சிரிப்பதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள். தோல் ரேகைகளைப் படிப்பது ஜோசியம் இல்லை. டெர்மடோகிளிஃபிக்ஸ் என்று 1926லேயே ஹரால்டு கம்மின்ஸ் பெயர் வைத்த துறை அது. கருவில் பல் அரும்பத் தொடங்குவது ஆறாவது வாரம் வாக்கில். விரலில் வரி விழத் தொடங்குவது பத்தாவது வாரம் வாக்கில், ஆறு மாதம் முடிவதற்குள் அது நிலைத்துவிடும், அதன்பிறகு சாகும்வரை மாறாது. பல்லின் எனாமலும் விரலின் மேல்தோலும் ஒரே கரு அடுக்கிலிருந்து வருபவை. ஆகவே அந்த வாரங்களில் தாயின் வயிற்றில் ஏதாவது இடைஞ்சல் வந்தால் இரண்டிலும் தடம் விழலாம். பிளவுபட்ட உதடு, அன்னப்பிளவு உள்ள குழந்தைகளிடம் இதைத் தேடியிருக்கிறார்கள். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளின் ரேகை மற்றவர்களிடமிருந்து வேறுபடுவது பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

அப்புறம் பத்திரக்கார ஐயா, பத்து விரலிலும் சுழி என்பது சாதாரணம் இல்லை. பொதுவாக மனித விரல்களில் சுமார் 60 முதல் 65 சதவீதம் சங்கு மாதிரி வளையும் கண்ணி அமைப்பு, 30 சொச்சம்தான் சுழி, வில் அமைப்பு 5 சதவீதம் போல. உங்களுக்கு நிஜமாகவே பத்திலும் சுழியா?

பத்திரக்காரர் – காலை 7.40
நிஜமாகவே என்றால் என்ன அர்த்தம் பாப்பா? பொய் சொல்கிறேன் என்கிறாயா? பத்திலும் சுழி. எத்தனை தடவை சொல்வது.

கடைவாய்ப்பல் – காலை 7.44
பாப்பா என்று கூப்பிடாதீர்கள் ஐயா. பொய் என்று சொல்லவில்லை, எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். இரட்டைக் கண்ணியையும் பலர் சுழிக் கணக்கிலேயே சேர்த்துவிடுவார்கள்.

பத்திரக்காரர் – காலை 8.02
பேத்தி வயதுப் பிள்ளையைப் பாப்பா என்று கூப்பிட்டால் இப்போது அதுவும் குற்றமாகிவிட்டது. சரி, டாக்டரம்மா. கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலில் மை தடவி, வெள்ளைத்தாளில் உருட்டிப் பார்த்தேன். கண்ணி எது, இரட்டைக் கண்ணி எது, சுழி எது என்று உங்கள் பேராசிரியருக்கே நான் சொல்லித்தருவேன்.

இந்த ரேகை விவகாரமே எங்கள் தொழிலில் பிறந்தது தெரியுமா? 1858ல் வங்காளத்தில் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் சாலைப் பொருள் வாங்க ஒப்பந்தம் போட்டபோது, பின்னால் பேச்சு மாறக்கூடாது என்று உள்ளங்கையையே மையில் வைத்துப் பதித்தார். அதாவது பத்திரம்! 1897ல் கல்கத்தாவில் ரேகைக் காப்பகம் வைத்தபோது, வகை பிரித்துக் கணக்குப் போட்ட மூளை அஜீஸுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். பெயர் மட்டும் ஹென்றி முறை என்று போலீஸ் அதிகாரி ஹென்றி துரைக்குப் போனது. கால்டன் என்ற பெரிய மனிதர் 1892ல் ரேகைக்கென்றே புத்தகம் போட்டவர். ரேகையைப் பார்த்து ஆளின் அறிவையும் குணத்தையும் சொல்லிவிடலாமா என்று அவரும் முட்டிப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. கால்டனுக்கே கிடைக்காதது பள்ளிக்கூடத்து வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்தவருக்குக் கிடைத்துவிட்டதா? ரேகை ஆளை அடையாளம் சொல்லும். அவன் பல்லைச் சொல்லாது. சொல்வதானால் என் வாயில் இந்நேரம் பொக்கைதான் இருக்க வேண்டும், ஏனென்றால் எனக்குப் பத்து விரலிலும் சுழி.

வைகைக்கரை – காலை 8.20
கால்டன் பார்த்தது அறிவையும் குணத்தையும். கேள்வி பல்லைப் பற்றி. வழக்கம்போலப் பத்திரக்காரர் ஒரு கேள்விக்கு இன்னொரு கேள்வியின் பதிலை எழுதுகிறார். போன மாதம் பருத்திப்பால் விவாதத்திலும் இதே வேலைதான் நடந்தது, கருப்பட்டியா வெல்லமா என்று கேட்டால் கீழமாசி வீதி வரலாற்றை எழுதிவிட்டு ஓடிப்போனார்.

பத்திரக்காரர் – காலை 8.23
நான் ஓடவில்லை. அன்றைக்கு மின்சாரம் போனது.

கணக்கு வாத்தியார் (திருமங்கலம்) – காலை 8.51
இடையில் ஒன்று. "வாய்ப்பு அதிகம்" என்றால் எதைவிட அதிகம், எவ்வளவு அதிகம்? அதை முதலில் வரையறுத்துக்கொண்டு பேசினால் என்ன? டாக்டரம்மா எனாமலைப் பேசுகிறார், அட்டை ஈறையும் சேர்க்கிறது, ஐயா ஒரே ஒரு வாயை வைத்துக்கொண்டு வாதாடுகிறார். இன்னொன்று, பத்து விரல், மூன்று அமைப்பு, ஆக முப்பது ஒப்பீடு. இருபதில் ஒன்று தற்செயலாகவே பொருந்தும் என்ற அளவுகோலை வைத்தால், ஒன்றுமே இல்லாத இடத்திலும் ஒன்றிரண்டு "தொடர்பு" தானாகக் கிடைத்துவிடும். நூறு, இருநூறு பேரை வைத்துச் செய்யும் ஆய்வுகளில் ஒன்று சுழி என்கிறது, இன்னொன்று கண்ணி என்கிறது. இப்படி முட்டிக்கொள்வதற்கு இதுவே போதிய காரணம்.

மேலூர் மாப்ளை – காலை 8.55
வாத்தியார் ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பெடுக்கிறார். எல்லோரும் எழுந்து நில்லுங்கள்.

வைகைக்கரை – காலை 9.10
டாக்டரம்மாவுக்கு ஒரு கேள்வி. 14 வருடம் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்கள் அறை வாசலில் காத்திருந்தவன் நான், எனக்கும் கொஞ்சம் தெரியும். நிலைத்த பற்களில் முதல் கடைவாய்ப்பல் கெட்டிப்படத் தொடங்குவதே பிறக்கும் சமயத்தில்தான். அதற்கு மூன்று மாதம் முன்பே ரேகை முடிந்துபோன சமாச்சாரம். நம் ஊரில் முதலில் சொத்தையாகும் நிலைத்த பல் பெரும்பாலும் அதுதான். ரேகை முடிந்த பிறகு கெட்டிப்படும் பல்லுக்கு ரேகை எப்படி ஜாதகம் எழுதும்?

கடைவாய்ப்பல் – காலை 9.32
நல்ல கேள்வி, ஆனால் பாதிக் கேள்வி. கெட்டிப்படுவது பிறக்கும்போது, அரும்பு விடுவது அதற்கு வெகு முன்பே. அது மட்டுமில்லை, நான் நாள் கணக்கை மட்டும் சொல்லவில்லை, மரபணுவையும் சொல்கிறேன். 2023ல் வெளியான ஆய்வில் விரல் வரிகள் உருவாவதை நடத்தும் சமிக்ஞைகளில் ஒன்றாக இடிஏஆர் (EDAR) என்ற மரபணுவின் பெயர் வந்திருக்கிறது. அதே இடிஏஆர் பழுதானால் பிறவியிலேயே பல் குறைவாகவும் கூம்பு வடிவிலும் முளைக்கும், வியர்வையும் சரியாக வராது. இரண்டுக்கும் பொதுவான கைகள் உண்டு என்பதுதான் என் வாதம், பத்திரக்கார ஐயாவின் 2,400 ரூபாய்க்கு நான் ரசீது போடவில்லை. என் சீனியர் ஒருவர் இதே தலைப்பில் எட்டு மாதம் அலைந்து குழந்தைகளின் ரேகை எடுத்தார், அந்த உழைப்பை வராந்தா ஜோசியத்தோடு சேர்த்துக் கிண்டல் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பத்திரக்காரர் – காலை 9.41
சீனியர் எட்டு மாதம். நான் 31 வருடம். கணக்கு வாத்தியாரைக் கேளுங்கள் எது பெரியது என்று.

கடைவாய்ப்பல் – காலை 9.45
31 வருடத்தில் பத்திரத்தில் வாங்குவது இடது கைப் பெருவிரல் மட்டும்தானே ஐயா? மற்ற ஒன்பது விரலை எப்போது பார்த்தீர்கள்? பெருவிரலிலும் மோதிர விரலிலும் மற்ற விரல்களைவிடச் சுழி அதிகம் வரும், அதனால் உங்களுக்கு ஊரெல்லாம் சுழியாகத் தெரிந்திருக்கும். அப்புறம், விரலை வாங்கினீர்கள் சரி, அந்த 31 வருடத்தில் ஒருவர் வாயையாவது திறக்கச் சொன்னீர்களா?

மேலூர் மாப்ளை – காலை 9.46
அடி!

பத்திரக்காரர் – காலை 10.15
வாயைத் திறக்கச் சொல்ல வேண்டியதில்லை. பங்காளிகள் பாகப்பிரிவினைக்கு வந்தால் தானாகவே திறப்பார்கள்.

கொடிக்கால் (சோழவந்தான்) – காலை 10.38
எல்லோரும் சுழி, சங்கு என்று சுற்றுகிறீர்கள். எங்கள் அப்பாவுக்கு ரேஷன் கடை மிஷினில் ரேகையே விழுவதில்லை. வேலை செய்தே தேய்ந்த விரல். நாலு முறை வைத்து, துடைத்து, மறுபடி வைத்து, கடைசியில் கைப்பேசிக்கு வரும் எண்ணைச் சொல்லித்தான் அரிசி வாங்குகிறார். ரேகையே இல்லாதவருக்குப் பல் நோயே வராதா? இப்போதே சொல்லிவிடுங்கள், சந்தோஷப்படுவார்.

கடைவாய்ப்பல் – காலை 10.50
தேய்வது மேல் பரப்பு மட்டும் அண்ணா. வேலையைக் கொஞ்ச நாள் விட்டால் அதே வரி திரும்ப வரும். அப்பாவுக்கு ரேகையைவிட வாயைப் பார்ப்பது அவசியம். வெற்றிலை போடுவாரா? வாய்ப் புற்றுநோய்க்கு நம் பக்கத்தில் பெரிய காரணமே அந்த வெற்றிலைப் பழக்கம்தான்.

கொடிக்கால் – காலை 10.57
இதோ வந்துவிட்டது. எங்கே சுற்றினாலும் கடைசியில் வெற்றிலையில் வந்து நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023ல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறது அரசாங்கம். நோய்க்கா குறியீடு கொடுப்பார்கள்? வைகைத் தண்ணீரில் அகத்தி நட்டு, அதில் கொடி ஏற்றி, கவுளி கவுளியாகக் கிள்ளி அடுக்குகிறோம். குற்றவாளி பாக்கும் புகையிலையும். அவற்றை மடித்துத் தருகிற பாவத்துக்கு இலைக்குத் தண்டனையா? கூட்டாளி செய்த கொலைக்கு வண்டி ஓட்டியவனைத் தூக்கில் போடுவது மாதிரி இருக்கிறது.

வைகைக்கரை – காலை 11.04
வண்டி ஓட்டியவனையும் உள்ளேதான் வைப்பார்கள்.

கடைவாய்ப்பல் – காலை 11.20
அண்ணா, பாக்கைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். 2004லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பாக்கை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்துவிட்டது, புகையிலை சேர்க்காத தாம்பூலத்தையும் சேர்த்துத்தான். புகையிலை சேர்த்தது 1985லிருந்தே பட்டியலில் இருக்கிறது. பொட்டலப் பாக்கு போடும் பையன்கள் எங்களிடம் வரும்போது கன்னத்தின் உள்பக்கம் பட்டையாக வெளுத்து இறுகியிருக்கும், மிளகாய் பட்டால் எரியும். சாதாரணமாக ஒருவர் தன் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியும், அவர்களுக்கு ஒரு விரலே போராட்டம். இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் பரோட்டாவைச் சுருட்டிக்கூட உள்ளே தள்ள முடியவில்லை என்று அழுததைப் பார்த்தேன். உங்கள் அப்பாவை அந்த மூன்று விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பத்திரக்காரர் – காலை 11.26
பார்த்தீர்களா, பார்த்தீர்களா! டாக்டரம்மாவே ஒப்புக்கொண்டுவிட்டார். விரலை வைக்க வேண்டிய இடம் வாய், மிஷின் இல்லை. நான் காலையிலிருந்து சொல்வதும் இதுதான்.

கடைவாய்ப்பல் – காலை 11.28
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அது வேறு நோய், இது வேறு நோய்.

பத்திரக்காரர் – காலை 11.29
நோய் எதுவானாலும் எனக்குப் பத்திலும் சுழி, ஒன்றும் வரவில்லை.

ஆரப்பாளையம் அக்கா – மதியம் 12.10
அட்டை விவகாரத்தைப் படித்ததும் பழைய ஞாபகம். என் பையனுக்கு நாலாம் வகுப்பில் இதே மாதிரி விரலை வைத்து மூளை பார்க்கிறோம் என்று ஒரு கூட்டம் வந்தது. இடது மூளை இவ்வளவு, வலது மூளை இவ்வளவு, இவன் இசையில் பெரிய ஆளாக வருவான் என்று வண்ணப்படம் போட்ட அறிக்கை. நகையை வைத்துக் கீபோர்டு வாங்கிக் கொடுத்தோம். இப்போது அவன் மாட்டுத்தாவணி பக்கம் லாரிக்கு டயர் மாற்றும் கடை வைத்து நன்றாகச் சம்பாதிக்கிறான். கீபோர்டு பரண்மேல் கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமா?

மேலூர் மாப்ளை – மதியம் 12.14
எத்தனை கட்டை அக்கா? விலை சொல்லுங்கள்.

மேலூர் மாப்ளை – மதியம் 12.20
அப்படியே இன்னொரு சந்தேகம். வைத்தீஸ்வரன்கோயிலில் நாடி பார்க்க ஆணுக்கு வலது பெருவிரல், பெண்ணுக்கு இடது பெருவிரல் வாங்குகிறார்கள். பத்திரத்தில் எல்லோருக்கும் இடது. டாக்டரம்மா எந்தக் கட்சி?

வைகைக்கரை – மதியம் 12.41
அறிவியல் பேச வந்த இடத்தில் நாடி ஜோசியம், கீபோர்டு விற்பனை. கைநாட்டுப் பேர்வழிகளோடு மரபணு பேசினால் இப்படித்தான் முடியும்.

கொடிக்கால் – மதியம் 12.46
யாரைக் கைநாட்டு என்கிறீர்கள்? எங்கள் அப்பத்தா கைநாட்டுதான். இரண்டு ஏக்கர் கொடிக்காலை ஒற்றை ஆளாக நின்று காப்பாற்றியது அந்தக் கைநாட்டு. வார்த்தையைத் திரும்ப வாங்குங்கள்.

பத்திரக்காரர் – மதியம் 1.30
சாப்பிடப் போனவனை எழுப்பிவிட்டார்கள். வைகைக்கரை, இந்த ஒரு சொல்லை மட்டும் நான் விடமாட்டேன். என் எதிரில் வந்து விரல் நீட்டிய கிழவிகளில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. ஆனால் நான்கு எல்லையும் மனப்பாடம். கிழக்கே யார் புஞ்சை, மேற்கே எந்த ஓடை, எந்த வேப்பமரம் யாருக்குப் பாத்தியம் என்று நான் வாசிக்க வாசிக்கத் திருத்துவார்கள். ஒரு அம்மா, உசிலம்பட்டிப் பக்கம், மையில் விரலை வைப்பதற்கு முன்னால் "ஐயா, இன்னொரு தடவை வாசி" என்று மூன்று முறை வாசிக்கவைத்தார். மூன்றாவது தடவைதான் எனக்கே தெரிந்தது, சர்வே எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்தவன்தான் படிக்காமலே போட்டுவிட்டுப் பின்னால் கோர்ட்டுக்கு அலைவான். கைநாட்டு என்பதை வசவாக எழுதுகிறவனுக்கு மை டப்பாவின் அருமை தெரியாது.

ஆரப்பாளையம் அக்கா – மதியம் 1.36
இது நல்ல பேச்சு. பல்லைப் பற்றிப் பேசாதபோது நீங்கள் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள்.

வைகைக்கரை – மதியம் 1.50
வார்த்தையை வாங்குவதாக இல்லை. பேச்சை மாற்ற வேண்டாம். பத்து விரலிலும் சுழி என்றீர்கள், படம் போடுங்கள். முடிந்தது.

பத்திரக்காரர் – மதியம் 1.55
பத்து விரல் ரேகையையும் இங்கே போட்டுவிட்டு நாளைக்கு என் வங்கிக் கணக்கைத் துடைத்துவிட்டால் நீ தருவாயா? ஆதார் காலம் இது. விஷயம் தெரிந்தவன் படம் போடமாட்டான்.

வைகைக்கரை – மதியம் 2.08
எதிர்பார்த்ததுதான். சரி, விரலை விடுங்கள். பல்லுக்கு ஆதார் இல்லையே? 32 பல் என்கிறீர்கள். 2021ல் "பல் பிடுங்க எவ்வளவு வாங்குகிறார்கள், இது அநியாயம் இல்லையா" என்று இதே இடத்தில் ஒரு இழை தொடங்கியது யார்? மூன்று நாள் வீங்கிய தாடையோடு கஞ்சி குடித்ததாக எழுதியது யார்? தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.

மேலூர் மாப்ளை – மதியம் 2.09
ஐயோ.

பத்திரக்காரர் – மதியம் 2.25
அது அறிவுப்பல். கோணலாக முளைத்திருந்தது. அது கணக்கில் வராது.

கணக்கு வாத்தியார் – மதியம் 2.27
அறிவுப்பல் நான்கையும் சேர்த்தால்தான் 32 ஐயா. ஒன்று போனால் 31.

பத்திரக்காரர் – மதியம் 2.31
கோணலாக முளைத்ததைப் பிடுங்கினார்கள். சொத்தைக்காகப் பிடுங்கவில்லை. நான் சொன்னது சொத்தை இல்லை என்பது. பேச்சு சொத்தையைப் பற்றித்தான்.

கடைவாய்ப்பல் – மதியம் 2.40
கோணலாக முளைத்த அறிவுப்பல் இடுக்கில் உணவு சிக்கி, பக்கத்துப் பல்லில் சொத்தை விழுவது சகஜம் ஐயா. பக்கத்துப் பல்லை அடைத்தார்களா?

பத்திரக்காரர் – மதியம் 2.58
சின்னதாக ஒன்று அடைத்தார்கள். அது அவர்களாகச் செய்த வேலை. நான் கேட்கவில்லை.

கடைவாய்ப்பல் – மதியம் 2.59
ஆக, பத்து விரலிலும் சுழி, வாயில் சொத்தை ஒன்று.

பத்திரக்காரர் – மதியம் 3.20
இந்த ஒன்றை வைத்துக்கொண்டு ரேகை ஜோசியத்தை நிரூபித்துவிட்டதாக நினைக்க வேண்டாம் டாக்டரம்மா. காலையில் என் ஒரு வாயை வைத்து வாதாடாதே என்றவர்கள், இப்போது அதே ஒரு வாயை வைத்து எனக்கு எதிராக வாதாடுகிறார்கள். அந்த ஓட்டை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்காரி இறந்த வருடம், ராத்திரி தூக்கம் வராமல் டீயும் தேன்மிட்டாயுமாக உட்கார்ந்திருந்தேன். பல் துலக்கவும் தோன்றவில்லை. அந்த மிட்டாய் எந்த ரேகையில் இருந்தது?

கடைவாய்ப்பல் – மதியம் 3.34
மன்னியுங்கள் ஐயா, தெரியாமல் கேட்டுவிட்டேன். ஆனால் எல்லோரும்தான் மிட்டாய் தின்கிறார்கள், சிலருக்கு மட்டும் ஏன் சீக்கிரம் அரிக்கிறது என்பதுதான் இந்த ஆய்வுகளின் கேள்வியே.

பத்திரக்காரர் – மதியம் 3.36
ராத்திரி துலக்காதவனுக்குச் சீக்கிரம் அரிக்கும். இதற்கு ஆய்வு வேறு.

கணக்கு வாத்தியார் – மதியம் 3.50
மறுபடி கேட்கிறேன், வாய்ப்பு என்றால் எதைவிட...

மேலூர் மாப்ளை – மதியம் 3.52
வாத்தியாரே, அக்காவின் கீபோர்டுக்கு 1,500 சொல்லியிருக்கிறேன், நீங்கள் ஏற்றிக் கேட்கப் போகிறீர்களா?

கொடிக்கால் – மாலை 4.15
அப்பாவை மூன்று விரல் வைக்கச் சொன்னேன். வைத்தார். இரண்டு நுழைகிறது, மூன்றாவது இடிக்கிறது. அவர் விரல் தடிமன், அதனால்தான் என்கிறார். டாக்டரம்மா, தனியாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். அதற்காக வெற்றிலையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டதாக நினைக்க வேண்டாம்.

கடைவாய்ப்பல் – மாலை 4.18
பார்த்தேன் அண்ணா. நாளைக்கே கூட்டிவாருங்கள்.

வைகைக்கரை – மாலை 4.40
பத்து விரல் படம் இன்னும் வரவில்லை.

பத்திரக்காரர் – மாலை 4.41
வராது. பத்திலும் சுழி.